கட்டாத கால்

லோகு வேட்டிக் கரையைக் கிழித்து, இறந்து கிடந்த மாமாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டப்போனார். நர்மதாவின் அம்மா கெங்கம்மாள் அவர் கையைப் பிடித்தாள்.

"வாணாம் லோகு. கால மட்டும் கட்டாத."

"இன்னா அத்த, கட்டலன்னா கால் தனித்தனியா வெறைச்சிப் பூடும். பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?"

நர்மதாவுக்குக் காரணம் தெரியும். அப்பா ராஜமாணிக்கம் இயற்பியல் ஆராய்ச்சியில் இருந்தபோதுதான் எமர்ஜென்சி வந்தது. துண்டறிக்கை எழுதினார் என்று பிடித்துப் போனார்கள். பதினோரு மாதம் சிறை. அதில் நாற்பது நாள் கால்களில் விலங்கு. வெளியே வந்தவரை எந்தக் கல்லூரியும் சீந்தவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில், கம்பியை இழுத்து எந்த எடையில் அறுகிறது என்று எழுதிவைக்கும் வேலை கிடைத்தது. முப்பது வருடம் எழுதினார். அதையும் ஆராய்ச்சி என்றுதான் சொல்லிக்கொண்டார், பாவம். மார்கழிப் பனியிலும் கால்மேல் போர்வை பட்டால் அலறிக்கொண்டு எழுவார்.

"அப்ப எப்பிடித்தான் பண்றது? நீயே சொல்லு," என்றார் லோகு.

அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சேர்த்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அப்போது காலை மணி ஏழு.

கவரைப்பேட்டையிலிருந்து ஐஸ் பெட்டி வந்து வாசலில் காத்துக் கிடந்தது. காபி ஆறி ஆடை கட்டியது. ஊத்துக்கோட்டைப் பெண்கள் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா பதிலுக்குக் கட்டிக்கொள்ளவில்லை. ஒருத்தி வெளியே போய், "கல்லு மாரி குந்திக்கினு கீறா பாரேன்," என்றாள். நர்மதாவுக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

"கை மரத்துப் பூடும்மா. கொஞ்ச நேரம் நான் புடிக்கிறேன்."

"நீ கெட்டியாப் புடிப்ப. அவருக்கு ஆவாது."

நர்மதா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் முகத்து வியர்வையை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகை அப்போதுதான் வந்தது.

உச்சி வெயிலில் லோகு குனிந்து அப்பாவின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார்.

"வெறைச்சிடுச்சி அத்த. உடு."

"பிரியாதில்ல?"

"பிரியாது."

அம்மா விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கால்கள் சேர்ந்தே இருந்தன. லோகு கிழித்த துணியைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெட்டிக்காரரைக் கூப்பிடப் போனார்.

அப்பாவைப் பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அம்மா எழவில்லை. அவள் கைகள் மடியில் இருந்தன, இரண்டு பாதங்களின் அகலத்துக்குக் குவிந்தபடி.