யாரும் பார்க்காத மடிப்பு

விவாகரத்துக் கோர்ட்டில் பத்து நிமிட வேலைதான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வக்கீல் பேச்சை நம்பினால் இப்படித்தான். ரொவீனா கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பதினொரு வருடக் கல்யாணம் முடிந்திருந்தது. அழுகை வரவில்லை, பசிகூட வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது.

மூன்று மணிக்கு பாஸ்டனில் அவளுடைய ஆராய்ச்சிப் பட்டத்துக்கான பரீட்சை. காரின் பின்கண்ணாடிக்குக் கீழே, கேக் டப்பாவில், ஆறு பிளாஸ்டிக் தகடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் அட்டையின் கனம்தான். சூடு பட்டால் கீறிய கோடுகளில் பிளாஸ்டிக் சுருங்கி, தானாக மடிந்து, நாலு காலில் ரோபோவாக எழுந்து நிற்கும். கை படக்கூடாது. ஒருமுறைதான் மடியும், திரும்பப் பிரியாது. தேர்வாளர்கள் கண்ணெதிரே மடிந்தால் பட்டம். இல்லாவிட்டால் ஆறு வருட உழைப்பு அந்தரத்தில்.

தகட்டைச் சமமான இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பது ஆய்வகத்தில் எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம். காரில் அப்படி ஓர் இடம் அந்தக் கண்ணாடிக்கடியில்தான் இருந்தது. அடுப்புச் சூடு கேட்ட தகட்டைக் காப்பிச் சூட்டுக்கே மடிய வைத்ததும் அவளுடைய சாமர்த்தியம்தான். பூட்டிய காருக்குள் ஜூலை வெயில் அதைவிடச் சுடும் என்பதுதான் அன்று மறந்துபோனது.

கதவைத் திறந்தாள். டப்பாவுக்குள் ஆறும் எழுந்து நின்றன. ஆய்வகத்தில் நாலுக்கு ஒன்று கோணிக்கொள்ளும். இங்கே ஒன்றுகூடக் கோணவில்லை. ஒன்றுக்கு பாட்டரியைச் செருகி சீட்டில் விட்டாள். நேராக நடந்துபோய்க் கதவில் முட்டி நின்றது. சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் லெஸ்டரைப் போனில் கூப்பிட்டாள். வேறு தகடு தயாராக மூன்று வாரமாகும் என்பது அவருக்கும் தெரியும். "அது மடியறதக் கண்ணால பாத்தேன்னு சொல்லிடு, ரொவீனா. உன் வார்த்தைய யாரும் தட்டமாட்டாங்க" என்றார்.

பரீட்சை அறையில் ஆறும் மேஜைமேல் நடந்தன. மூத்த தேர்வாளர் ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகா இருக்கு. ஆனா நீ கையால மடிக்கலைன்னு நான் எப்படி நம்பறது? மடியும்போது நீ பாத்தியா?"

லெஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. அது மடியறப்ப நான் கோர்ட்டுல இருந்தேன். என் புருஷன்கிட்டருந்து பிரிஞ்சுக்கிட்டிருந்தேன்."

தேர்வாளர் அதை மெதுவாக மேஜையில் வைத்தார். இனிப் பரீட்சை அடுத்த வருடம்தான், புதுத் தகட்டோடு அப்போது வரச் சொன்னார். ரொவீனா சரி என்று தலையாட்டினாள். ஆறையும் டப்பாவில் அடுக்கும்போதுதான் அழ ஆரம்பித்தாள்.