சர்மானுக்குப் போட்ட வாந்தி ஊசி

உஸ்குதார் படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் செம்பட்டைப் பூனை சர்மானுக்கென்று தனி வீடு கிடையாது. தெருவே வீடு. காலையில் பூக்கடை குல்தென் அக்கா தரும் சீஸ், மதியம் மீன்கடை நெத்திலி, சாயங்காலம் என் முடிதிருத்தும் கடை நாற்காலியில் தூக்கம். வாடிக்கையாளர் கால்கடுக்க நின்றாலும் நான் அதை எழுப்ப மாட்டேன். இஷ்டமில்லாதவன் தாடியோடு போகட்டும்.

அன்று மதியம் குல்தென் அக்கா அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நெஜாத்! சர்மான் லில்லி இலையைத் தின்னுட்டு ஓடிடுச்சுடா! பூனைக்கு அது விஷம், கிட்னியே போயிடும்!"

"பாத்துட்டு சும்மாவா நின்னே?"

"கை நெறைய பூங்கொத்துடா! கத்தாம போய்த் தேடு!"

மீன்கடை வாசலில் சர்மான் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அள்ளிக்கொண்டு கால்நடை மருத்துவர் பெர்ரினிடம் ஓடினேன். வாந்தி வர ஊசி போட்டார். வாந்தி வந்தது. கூடவே கால்கள் துவண்டன, ஈறு வெளுத்தது, உடம்பு சில்லிட்டது. அதன் நெஞ்சில் கை வைத்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் என் உயிர் போய் வந்தது.

"என்னம்மா டாக்டர், கொன்னுட்டீங்களா?"

"மருந்தோட பக்கவிளைவுண்ணே. வாந்தி வரவைக்கிற அதே மருந்து மயக்கமும் குடுக்கும், இதயத்தையும் மெதுவாக்கும். மாத்து ஊசி போட்டுட்டேன், எழுந்துடும்."

"விஷத்தால இல்லேன்னு எப்படிச் சொல்றீங்க?"

அவர் வாந்தியைக் கிளறிக்கொண்டே நெற்றியைச் சுருக்கினார். "எல்லாம் நெத்திலிதான். ஒரு இலைத் துணுக்குகூட இல்லையே. நெஜமாவே தின்னுச்சா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. தின்னவில்லை என்றால் குல்தென் அக்கா பார்த்தது என்ன? தின்றிருந்தால் இலை எங்கே?

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு குல்தென் அக்காவே வந்தாள். தோளில் சர்மான்!

"இது உன் நாற்காலியில படுத்துக் கெடந்துச்சு, நீ இங்க யாரைடா பாத்துக்கிட்டிருக்கே?"

மேசையில் இருந்த சர்மான் மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தது. அதே செம்பட்டை, அதே வெள்ளை மூக்கு. இத்தனை வருஷமாக ஒரே பேரைச் சொல்லி இரண்டு பூனைக்கா சோறு போட்டோம்? தினமும் சாயங்காலம் என் நாற்காலியில் தூங்கியது எது?

கேட்டு முடிப்பதற்குள் தோளில் இருந்தது குமட்டி, அக்காவின் சட்டையிலேயே வாந்தி எடுத்தது. பச்சைப் பச்சையாக இலைத் துணுக்குகள். நான் முட்டாள், கை தட்டினேன்.

"வந்துடுச்சு டாக்டர்! இலை வெளிய வந்துடுச்சு!"

பெர்ரின் சிரிக்கவில்லை. பூனையை அவசரமாக வாங்கி மேசையில் கிடத்தினார்.

"இதுக்கு நான் இன்னும் ஊசியே போடலையேண்ணே," என்றார். "விஷம் ஏறிடுச்சு."