சாரத்திலிருந்து விழாதவன்

1

என்னிடம் கேட்டது ஒரு போன் நம்பர். கதையை யாரும் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் என்னமோ உட்கார்ந்து யோசித்து எழுதியதாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் சாதிக் அலி. காரைக்குடிப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவன். கலவை குழைப்பேன், கல் சுமப்பேன், சாரம் கட்டுவேன். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது நாற்பது வயதுக்கு மேல். இருந்தும் எங்கள் ஆட்களுக்குச் செல்போனில் எதையாவது தேட வேண்டுமென்றால் படித்த இளவட்டங்களை விட்டுவிட்டு என்னிடம்தான் வருவார்கள். நான் மெதுவாகத் தேடுவேன், ஆனால் கேலி பேச மாட்டேன் என்று ஒரு நம்பிக்கை.

அப்படித்தான் அழகுசுந்தரமும் வந்தான். [இது அவன் பெயர் இல்லை. அவனே பொறுக்கிக்கொண்டது. "கதையிலயாச்சும் லட்சணமா ஒரு பேரு வைங்க பாய்" என்றான்.]

"பாய், வீட்ல அடி வாங்குறவகளுக்கு கவர்மெண்டு நம்பர் ஒண்ணு இருக்காம்ல. தேடிக் குடுங்க."

"நூத்தி எண்பத்தொண்ணு. தேடவே வேணாம், பஸ்சுல ஒட்டியிருக்கான். ஆருக்கு, தங்கச்சிக்கா?"

"இல்ல."

"பெறகு?"

மணல் சல்லடையைத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான். "ஆம்பளைக்கு."

தேடினேன். சில நம்பர்கள் கிடைத்தன. ஒன்று இந்தி பேசியது. ஒன்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்றில் பேசியவர் எடுத்ததுமே பெண் குலத்தையே திட்ட ஆரம்பித்துவிட்டார். அழகுக்கு வேண்டியது அதுவும் இல்லை. தேடிக்கொண்டே இருந்ததில் நம்பருக்குப் பதிலாக இந்தக் கதை வந்து உட்கார்ந்துகொண்டது. இதை வைத்துக்கொண்டு அவன் யாரைக் கூப்பிடுவான் என்று எனக்குத் தெரியவில்லை.

2

முதல் வரி எது?

முதல் முயற்சி: "கானாடுகாத்தானில் ஓட்டலாக மாறிக்கொண்டிருந்த ஒரு பெரிய வீட்டின் உச்சிச் சாரத்திலிருந்து அழகுசுந்தரம் கீழே விழுந்தான்."

நல்ல வரிதான். ஆள் விழுந்தால் அடுத்த வரியை யாரும் படிப்பார்கள். ஆனால் பொய். அவன் விழவே இல்லை.

இரண்டாம் முயற்சி: "அழகுசுந்தரத்தின் மனைவி கிருத்திகா தோசைக்கரண்டியை அடுப்பில் காயவைத்து"

வேண்டாம். [எழுதும்போது கை நடுங்கியது என்று ஒரு வரி போட்டிருந்தேன். நடுங்கவில்லை. அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. அதனால் நிறுத்தினேன்.]

மூன்றாம் முயற்சி: "உடம்பில் காயம் இருந்தால் எங்கள் தொழிலில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை."

இது உண்மை. இப்படியே போகிறேன். ஆஸ்பத்திரியில் எப்படிப் பட்டது என்று கேட்பார்கள். "வேலையில" என்றால் தீர்ந்தது. தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். மண்டை உடைந்த அன்று அழகு சொன்னதும் அதுதான்: சாரத்திலிருந்து விழுந்துவிட்டேன். கை வீங்கியபோதும் அதே சாரம். உலகத்திலேயே சுலபமான பொய் இதுதான் என்று நினைத்திருக்கிறான். ஆனால் சாரம் என்றால் அதை ஒருவன் கட்டியிருப்பான். அதற்கு ஒரு மேஸ்திரி பொறுப்பாக இருப்பார். கட்டியவன் நான். மேஸ்திரி வயிரவன். அவன் நம்பர் கேட்டு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு வயிரவன் மேஸ்திரி சைக்கிளைப் போட்ட வேகத்தில் கத்திக்கொண்டு வந்தார்.

"ஏண்டா, என் சாரத்துல இருந்து எப்படா விழுந்தே? எந்த மேஸ்திரி வேலைன்னு ஆஸ்பத்திரியில இருந்து கேக்குறாக. நாளைக்குப் போலீசு வந்தா உங்கப்பனா வந்து பதில் சொல்லுவான்?"

அழகு காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாய், நீங்கதான கட்டுனீக? கயிறு அவுந்துச்சா?"

"என் கட்டு அவுறாது மேஸ்திரி. சந்தேகம்னா ஒரு ஆனையை ஏத்திப் பாருங்க."

"அப்ப இவந்தான். குடிச்சுட்டு ஏறுனியா, இல்ல வலிப்பு கிலிப்பு வருதா? ரெண்டுல ஒண்ணைச் சொல்றா."

அழகு யோசித்தான். அவன் யோசித்ததை நான் பார்த்தேன்.

"வலிப்பு" என்றான்.

அன்றைக்கு ஏணியில் இருந்து இறக்கப்பட்டவன்தான். மணல் சலிக்க விட்டுவிட்டார்கள். கூலி குறைந்தது. கூலி குறைந்ததற்கும் வீட்டில் அடி விழுந்தது. எங்கள் ஆட்கள் நல்லவர்கள். மறுநாளிலிருந்து ஆளுக்கொரு சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள், வலிப்பு வந்தால் அவன் கையில் இரும்பைக் கொடுக்க. அவன் தும்மினால்கூட நாலு பேர் சாவியோடு ஓடுவார்கள். அவனும் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வான்.

3

நம்பர் கேட்ட அன்று, மற்றவர்கள் டீக்குப் போன பிறகு, மிச்சத்தையும் சொன்னான்.

"உங்க கட்டு அவுறலை பாய். அதைச் சொல்லணும்னு இருந்தேன். அவதான்."

நான் சிரிக்கவில்லை. நல்ல மனசினால் அல்ல, புரியாததால். சிமெண்டு மூட்டையை ஒற்றைத் தோளில் ஏற்றுகிற ஆள் அவன்.

"கையைப் புடிச்சிருக்கலாம்லடா?"

"புடிச்சேன். மணிக்கட்டுல என் விரல் பதிஞ்சுபோச்சு. அதைப் போட்டோ எடுத்து வச்சிருக்கா. வாயைத் தொறந்தேன்னா ஸ்டேசன்ல காட்டிப்புடுவாளாம். பெறகு மீனுவை நான் கண்ணால பாக்க முடியாதாம்."

மீனு அவன் மகள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

"நான் வாங்கிக்கிட்டுப் போயிருவேன் பாய், எனக்கென்ன. இப்ப அது நடுவுல வந்து நிக்குது. ரெண்டு கையையும் இப்படி விரிச்சுக்கிட்டு. போன வாரம் தட்டு அது காதோரமாப் போயிருச்சு."

அவன் கையை விரித்துக் காட்டினான். சல்லடை கீழே விழுந்தது. தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சாவியோடு எழுந்துவிட்டார்கள்.

4

கிருத்திகாவை எழுத முடியவில்லை.

முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு வருகிற மாதிரி எழுதினேன். நான் பார்த்த கிருத்திகா அப்படி இல்லை. தேவகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. நாள் பூராவும் நின்று, விரித்த சேலையை மடித்து, எவர் எவர் எரிச்சலையோ வாங்கிக்கொண்டு பஸ்சில் தொங்கி வருகிறாள், அந்தக் கோபம்தான் என்று எழுதிப் பார்த்தேன். நானும்தான் நாள் பூராவும் நிற்கிறேன். காரணம் தேடினால் அவளுக்கு வக்கீலாகிவிடுகிறேன். தேடாமல் விட்டால் அவள் பேயாகிவிடுகிறாள்.

இந்த இடம் வரைக்கும் என் வீட்டுக்காரி பாத்திமுத்துவிடம் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கிருத்திகா? எனக்குக் காச்சலாக் கெடந்தப்ப கஞ்சி வச்சுக் கொண்டாந்துச்சே, அந்தப் புள்ளையையா இப்படி எழுதுறீக?"

"அதேதான்."

"பொய்யி."

அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"மெய்யாவே இருந்துட்டுப் போகட்டும். என் தங்கச்சி வாங்காத அடியா? இந்தத் தெருவுல எத்தனை பேரு வாங்குறா? அப்பல்லாம் பேனா எங்க போச்சு? ஒரு ஆம்பளை மேல பட்டதும் கதை வந்திருச்சாக்கும்."

அவள் சொல்வது சரி. அழகின் மண்டையில் இருக்கிற தையலும் சரி. இரண்டையும் ஒரே பக்கத்தில் எப்படி வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவளே பிறகு கேட்டாள். "அந்தப் பச்சைப் புள்ளை மேல பட்டுச்சா?"

5

அழகுக்கும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னான்.

"என்னைப் பொம்பளையா மாத்திருங்க பாய். அப்ப நம்புவாக."

6

மாற்றிப் பார்த்தேன். அழகுசுந்தரத்தை அழகம்மை ஆக்கினேன்.

"அழகம்மை அலறினாள். அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். [பாத்திமுத்து: 'எல்லா நாளும் ஓடி வர்றதில்ல. அதையும் எழுதுங்க.' எழுதிவிட்டேன்.] அண்ணன்மார் வந்து நியாயம் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் நர்சம்மா கதவைச் சாத்திவிட்டு, 'மெய்யாச் சொல்லும்மா, யாரு அடிச்சது?' என்று கேட்டார். அழகம்மை மீனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு 181-க்கு"

தண்ணீர் மாதிரி ஓடியது. எனக்கே ஆச்சரியம். அதை அப்படியே திருப்பி ஆணாக்கினேன்.

"அழகுசுந்தரம் அலறினான். அக்கம்பக்கத்தார்"

"அழகுசுந்தரம் அலறவில்லை. அலறினால் அக்கம்பக்கத்தார்"

"மச்சினன்மார் வந்து, இவன் மீசையைப் பார்த்துவிட்டு"

"நர்சம்மா, 'எந்த மேஸ்திரி வேலைப்பா?' என்று"

ஒரு வரியும் முடியவில்லை. எனக்கு எழுதத் தெரியாததாலா, அல்லது அந்த வரிகளுக்கு முடிவே இல்லையா? நான் தாமதமாக எழுத்துப் படித்தவன். எது என்று சொல்லத் தெரியவில்லை.

7

கோர்ட்டு வளாகத்தில் இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று செல்போன் சொன்னது. போனேன். [எந்த ஊர்க் கோர்ட்டு என்று எழுத மாட்டேன். அங்கே இருக்கிறவர்கள்மேல் குறை சொல்ல வரவில்லை.] சௌபர்ணிகா என்று ஒரு வக்கீலம்மா. சின்ன வயது. நான் இழுத்து இழுத்துச் சொன்னதை இடையில் பேசாமல் கேட்டார்.

"குடும்ப வன்முறைச் சட்டத்துல மனு குடுக்குற இடத்துல பெண்ணுன்னுதான் இருக்கு. அதுக்காக ஆணை அடிக்கலாம்னு எந்தச் சட்டத்துலயும் இல்லைங்க. அடிச்சது அடிச்சதுதான். ஸ்டேஷன்ல புகார் குடுக்கலாம். ஒடனே ஆபத்துன்னா நூத்திப் பன்னெண்டு. ஆணா பெண்ணான்னு பார்க்காத நம்பர். குழந்தைக்கு பத்துத் தொண்ணூத்தெட்டு. ஆஸ்பத்திரியில என்ன சொல்லியிருக்காரு?"

"சாரம்னு."

பேனாவை மூடி வைத்தார்.

"எல்லாத் தடவையுமா?"

"ஆமாங்க."

"மாத்திச் சொல்லலாம். லேசு இல்ல, ஆனா சொல்லலாம். அவங்க போட்டோவுக்கும் பதில் சொல்லலாம். ஆனா அவர் வரணும். நீங்க வந்து என்ன பண்ண? குழந்தை விஷயம் அவர் வாயால வந்தாத்தான் நான் எதையும் ஆரம்பிக்க முடியும்."

கேட்ட நம்பர் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. வக்கீலம்மா சொன்னதை அப்படியே அழகிடம் சொன்னேன். கதையை இங்கேயே முடித்திருக்கலாம்.

8

முடிவுகள். எனக்குத் தோன்றியவை எல்லாம்:

அவன் போகிறான், சொல்கிறான், கேட்கிறார்கள். [பாத்திமுத்து இதைக் கேட்டுவிட்டு, "எந்த ஊர்ல?" என்றாள்.]

மீனுவைத் தூக்கிக்கொண்டு பரமக்குடி பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறான். பிள்ளையைக் கடத்திவிட்டான் என்று கிருத்திகா எழுதிக் கொடுக்கிறாள். போட்டோவும் சேர்கிறது.

கிருத்திகாவே ஒரு நாள் அழுது, நானும் வக்கீலம்மாவிடம் வருகிறேன், எனக்கும் யாராவது புத்தி சொல்லட்டும் என்கிறாள். இதை எழுதும்போது எனக்கு ஆசையாக இருந்தது. ஆசையாக இருந்ததாலேயே சந்தேகமாகவும் இருந்தது.

இன்னொன்று இருக்கிறது. ஒன்றும் நடக்காமல், மீனு இன்னும் கொஞ்சம் உயரமாகி, தட்டு நேராக

இல்லை. அதை எழுத மாட்டேன்.

9

பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு வேலை நாளில் அழகு மீனுவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்றான். "போவோம் பாய்" என்றான். போனோம்.

சட்ட உதவி அறைக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. பூராவும் பெண்கள். சௌபர்ணிகா உள்ளே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், கதவு சாத்தியிருந்தது. வாசலில் இருந்த உதவியாளர் அழகை மேலும் கீழும் பார்த்தார்.

"எதிர்மனுதாரரெல்லாம் இங்குட்டு வரக் கூடாது. அங்குட்டு மரத்தடியில நில்லுங்க, கூப்புடுவோம். புள்ளையை அது அம்மாகிட்ட விடுங்க."

மரத்தடியில் நாலைந்து ஆண்கள் நின்றார்கள். அதில் ஒருவன் அழகைப் பார்த்துச் சிரித்து, நகர்ந்து, நிழலில் இடம் விட்டான். "வாங்கண்ணே, நீங்களுமா? எல்லாம் இவளுக கொழுப்பு."

பெஞ்சில் ஒரு பெண்ணுக்குக் கன்னம் வீங்கியிருந்தது. அழகைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்த மகனை மடியோடு சேர்த்துக்கொண்டாள். அதை அழகு பார்த்தான். அவன் கால் மரத்தடிப் பக்கம் திரும்பியது. இரண்டு எட்டு வைத்தும்விட்டான்.

நான் வாயைத் திறந்தேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

மீனு கேட்டாள், "அம்மா இங்க இல்லையேப்பா. யாருகிட்ட என்னைய விடப் போற?"

அழகு நின்றான். திரும்பினான். மீனுவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மரத்தடிக்கும் கேட்கிற குரலில் சொன்னான்:

"எதிர்மனுதாரர் இல்லைங்க. நாந்தான் மனு குடுக்க வந்தவன். அடி வாங்குனது நான்."

மரத்தடியில் யாரோ களுக்கென்றார்கள். உதவியாளர் காகிதத்தைப் பார்த்தார், அழகைப் பார்த்தார். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில், "அப்பன்னா பெஞ்சுல உக்காருங்க" என்றார்.

பெஞ்சில் இடம் இல்லை.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. நான் வாசல் பக்கம் நிற்கிறேன். அந்தப் பெஞ்சில் என் ஆள் யாரும் இல்லை. கன்னம் வீங்கிய அந்தப் பெண்ணை நகரச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவள் ஏற்கெனவே போதுமான அளவு நகர்ந்து வந்தவள். ஆனால் அந்தக் கடைசி ஓரத்தில், இவ்வளவு நேரமும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நீங்கள். அழகும் மீனுவும் உங்கள் முன்னால்தான் நிற்கிறார்கள்.