இருக்கையை அசைக்காதீர்கள்

"பின்னாடி போங்க! எல்லாரும் பின்னாடி போங்க!"

கத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பல்லால் திருகினாள் புதுசு. பணிப்பெண்ணாகச் சேர்ந்த நாள் முதல் விமானத்தில் அவளுக்கு அதுதான் பெயர். முன்வரிசைச் சொகுசு இருக்கையின் இடுக்கிலிருந்து புகை சுருண்டு வந்தது. உள்ளே ஒரு போன் நசுங்கி, பேட்டரி வெந்துகொண்டிருந்தது. ஊற்றினாள். புஸ்ஸென்று சீறியது. இன்னொரு பாட்டில். இன்னொன்று.

தலைமைப் பணிப்பெண் தடித்த கையுறையோடு வந்தாள். கரிக்கட்டையாகிவிட்டதைத் தோண்டியெடுத்து ஒரு கணம் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர்ப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"யாருது?"

அந்த இருக்கைக்காரர், நீலச் சட்டை, வெலவெலத்துப் போயிருந்தார். "சத்தியமா தெரியாதுங்க. சீட்டைச் சாய்ச்சேன், படார்னு வெடிச்சுது. என் போன் இதோ கையில இருக்கு."

யாரும் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா அவர் நடந்துகொண்டார்? ஓடுபாதையில் விமானம் உருளும்போதுகூட காதில் போன். அணைக்கச் சொன்ன புதுசுவிடம், "என் ஒரு போனாலதான் உங்க பிளேன் கவுந்துடப் போகுதா?" என்று எகிறினார். பிறகு குரல் இறங்கி, "பாப்பா பேசறாம்மா. அவளைப் பார்க்க கோர்ட்டு மாசத்துக்கு ஒரு நாள்தான் குடுத்திருக்கு. அது இன்னிக்குத்தான்" என்றார். தலைமைப் பணிப்பெண் வந்து நின்ற பிறகுதான் அணைத்தார்.

"போன் இடுக்குல விழுந்தா சீட்டை அசைக்காதீங்க, எங்களைக் கூப்பிடுங்கன்னு அறிவிச்சோமா இல்லையா சார்?"

"என் போன் விழவே இல்லையேம்மா!"

"ரெண்டு போன் வச்சிருந்தாரு. நான் பார்த்தேன்" என்றார் பக்கத்து இருக்கைப் பெரியவர், ஏறியதிலிருந்து தூங்கிக்கொண்டே வந்தவர்.

அது போதுமானதாக இருந்தது.

விமானம் இறங்கியதும் காவலர்கள் இருவர் உள்ளே வந்தார்கள். நீலச் சட்டை வாசலருகே புதுசுவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நீதானேம்மா என் சீட்டு மேல குனிஞ்சு சாப்பாட்டுத் தட்டெடுத்தே? என்கிட்ட ஒரு போன்தானே இருந்துச்சு? சொல்லும்மா. பாப்பா வெளிய நிக்கிறா."

புதுசுவின் பயிற்சிக் காலம் இன்றோடு முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்குப் போவதா என்று சொல்லும் மெயில் எந்த நிமிடமும் வரலாம். அவளைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டிய தலைமைப் பணிப்பெண் பக்கத்திலேயே நின்றாள்.

"நான் கவனிக்கலை சார்."

அவர் காவலர்களுக்கு நடுவே இறங்கிப் போனார்.

வெளியே, இரும்புத் தடுப்பைப் பிடித்தபடி ஒரு சிறுமி வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுசு சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வேகமாகக் கடந்தாள்.

ஊழியர் வேனில் தலைமைப் பணிப்பெண் துணிப்பையைத் திறந்தாள். பறக்கும்போது ஊழியர் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது. ஏறியதும் எல்லாருடையதையும் வாங்கி லாக்கரில் பூட்டுவது அவள் பொறுப்பு. வரிசையாகத் திருப்பிக் கொடுத்தாள். வாங்கியவர்கள் முன்சீட்டுகளில் போனுக்குள் மூழ்கினார்கள். புதுசுவும் பெயருக்குக் கையை நீட்டினாள்.

பை காலி.

"அக்கா..."

"மெதுவாப் பேசு. ஏறினப்ப நான் சரிபார்க்காம வாங்கிட்டேன். அது வெளிய வந்தா என் வேலையும் போகும்."

"இறங்கினதும் மெயில் பார்க்கணும்னுதான் பாக்கெட்ல..."

"வரும். நல்லபடியா எழுதிக் குடுத்தாச்சு. இனிமே நான் சொல்ற இடத்துல நிப்பே, சொல்றதைச் சொல்லுவே, அவ்வளவுதான்."

புதுசு அழுதாள். அக்கா கைக்குட்டையை நீட்டினாள். பார்வை ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

"போற வழியில புது போன் வாங்கிக்கோ. ஆனா கவர்ல அந்த மஞ்சள் பூ ஸ்டிக்கர் வேண்டாம்டி. எல்லாம் கரியாகியும் அது பாதி அப்படியே இருந்துச்சு."