ஆறிலிருந்து பன்னிரண்டு வரை

2025 ஜூலை 28, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். திருப்பதி மலைமேல் மேகம் திரண்டிருந்தது. ஊருக்குள் ஒரு துளியும் விழவில்லை, புழுக்கம் மட்டும் இறங்கியிருந்தது. நர்சிங் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் இரண்டு விசைத்தறி வைத்து ஓட்டும் நாகபூஷணம் தம் மகள் மோகனப்ரியாவுடன் நின்றிருந்தார். பொதுப் பிரிவில், மதிப்பெண்ணால் கிடைத்த இடம். ஐந்து மணிக்குள் கட்டணத்துக்கு வழி சொல்லாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும்.

ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம். ஆந்திர அரசே கட்டிவிடும் என்று நம்பித்தான் வந்திருந்தார். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, சாதிச் சான்று, எல்லாவற்றிலும் நகரி என்றே இருந்தது.

எழுத்தர் பத்மாவதி காகிதங்களைப் புரட்டினார். தெலுங்கில் தொடங்கி, எதிரே நின்ற முகங்களைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"அண்ணா, பாப்பா ஆறாவதுலேந்து பன்னெண்டு வரைக்கும் எங்க படிச்சுது?"

"திருத்தணியில மேடம். தமிழ் மீடியம். ட்ரெயின்ல போய்க்கினு வந்துக்கினு இருந்துச்சு."

"அப்போ நான்-லோக்கல், வெளியூர்க் கணக்கு. கவர்மெண்ட் ஃபீஸ் கட்டாது."

நாகபூஷணத்துக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "எங்க தாத்தா காலத்துலேந்து ஓட்டு இங்கதான் போட்டுக்கினு கீறோம். எங்கள வுட்டா லோக்கல் யாரு மேடம், உங்க தலைக்கு மேல சுத்துற ஃபேனா?"

"ஃபேன் இங்கியே இருக்குதுண்ணா. பாப்பாதான் வெளியில போய்ப் படிச்சுட்டுது." பத்மாவதி சிரிக்கவில்லை. "ரூல் ஓட்டைக் கேக்கல, ஸ்கூலைத்தான் கேக்குது. தமிழ்நாட்டுல உதவித்தொகை கேட்டீங்களா?"

"கேட்டோம் மேடம்," என்றாள் மோகனப்ரியா. "சாதிச் சான்று ஆந்திராவுது, அங்க செல்லாதுன்னுட்டாங்க."

"பேங்க் லோன்?"

நாகபூஷணம் கையை விரித்தார். தறிக் கடனில் நான்கு தவணை தவறியிருந்தது. வங்கி மேலாளர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டி, மரியாதையாகவே எழுப்பி அனுப்பியிருந்தார்.

நகரியில் அவர்கள் தெருமுனையிலேயே தெலுங்குப் பள்ளி இருந்தது. மகள் தமிழ் எழுத்து தெரியாமல் வளரக் கூடாது என்று ஏழாண்டுகள் சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் நாகபூஷணம். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அதில் அவருக்குப் பெருமை இருந்தது. கல்யாண வீடுகளில் சொல்லியும் இருக்கிறார். அதற்கு அரசு வைத்திருந்த பெயர் அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

பத்மாவதி இரண்டு படிவங்களை மேசைமேல் வைத்தார். "இது, முழு ஃபீஸும் நாங்களே கட்டறோம்னு உறுதி. முதல் வருஷத்துது வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும். இது, சீட் வேணாம்னு எழுதிக் குடுக்கறது. ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் இன்னிக்கே கையில குடுத்துடுவோம்."

நாகபூஷணம் முதல் படிவத்தை இழுத்துக்கொண்டார். "தறி ரெண்டையும் வித்துடறேன்."

"வித்துட்டு இன்னா துன்றது நைனா?" அவள் மெல்லத்தான் கேட்டாள். "ரெண்டாவது வருஷம் எத விப்பீங்க?"

"நீ பேசாதம்மா. தப்பு என்னுது."

"தப்புன்னு யாரு சொன்னது? ஏழு வருஷமும் நல்லாத்தான் படிச்சேன்."

அவள் கோபித்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். பேனா முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது.

மோகனப்ரியா அதை அவர் விரல்களிலிருந்து எடுத்தாள். "எனக்குப் பதினெட்டு முடிஞ்சுட்டுது மேடம். என் கையெழுத்தே போதும் இல்ல?"

"போதும். அஞ்சு மணி வரைக்கும் யோசி பாப்பா."

அவள் இரண்டாம் படிவத்தில் பெயர், தரவரிசை எண், தேதி ஆகியவற்றை ஓர் அடித்தலும் இல்லாமல் நிரப்பினாள். காரணம் கேட்ட கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினாள். கையெழுத்திட்டு, மை உலர ஒருமுறை ஊதினாள். பிறகு, தந்தையின் பக்கம் திரும்பாமல், இரு கைகளாலும் அதை நீட்டினாள். பத்மாவதி வாங்கிக்கொண்டார்.