உருத்திரபுரத்தில் ஒரு மலைக்குருவி

போன வருடம் தனுஷா ஒரே ஒரு பறவையால் தோற்றாள். பறவையைக் காணாததால் அல்ல. கண்டும் வாய் திறக்காததால்.

வன்னிப் பறவை நோக்குநர் வட்டம் வருடத்துக்கு ஒருமுறை நடத்துகிற போட்டி அது. காலை ஆறு மணியிலிருந்து நண்பகல் வரை, உருத்திரபுரம் வயல்வெளிக்குள் எந்தச் சோடி அதிக இனப் பறவைகளைக் காண்கிறதோ அதற்கு வெற்றி. விதிகள் நான்குதான். ஒருவர் பறவையைக் கண்டு பெயரை உரத்துச் சொல்ல வேண்டும். மற்றவர் அதே நேரத்தில் பேனையால் எழுத வேண்டும். வெட்டவோ மேலெழுதவோ கூடாது. காணாத பறவை ஒன்று பட்டியலில் இருந்தாலும் முழுப் பட்டியலும் தள்ளுபடி.

போன வருடம் பன்னிரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் வாய்க்கால் ஓரத்துச் சருகுக்குள் ஆறுமணிக் குருவி ஒன்று இறங்கியது. பக்கத்தில் நான்கு ஆண்கள் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் கத்தத் தனுஷாவுக்குக் குரல் வரவில்லை. சோடிக்காரி கௌசலாவின் முதுகைத் தட்டி, விரலை நீட்டி, அவள் திரும்புவதற்குள் குருவி போய்விட்டது. கிளிநொச்சி நகரத்து ஜனார்த்தனன் ஒரு பறவை வித்தியாசத்தில் வென்றான்.

வெல்லும் சோடியில் ஒருவருக்குத் தை மாதம் மன்னாரில் பத்து நாள் முகாம். கடற்பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, பறக்கவிடுகிற முகாம். வட்டத்துக்கு ஓர் இடம்தான். தனுஷா விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியவள். நான்கு வருடமும் அவள் தொட்ட பறவைகள் எல்லாம் பஞ்சு அடைத்தவை. உயிருள்ள பறவை ஒன்றைக் கையில் பிடித்தால் எவ்வளவு சூடாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்காக அவள் ஒரு வருடமாகக் கிணற்றடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பறவைகளின் பெயரை உரத்துச் சொல்லிப் பழகினாள்.

இந்த வருடம் கௌசலாவுக்கு வவுனியாவில் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் சாமத்தியச் சடங்கு வந்துவிட்டது. சோடிக்கு ஆள் இல்லை. பெரியம்மா வீரம்மாதான் கிடைத்தார். அவருக்குக் காகம், கொக்கு, கோழி தெரியும். ஆனால் மாதர் சங்கத்தில் பதினொரு வருடச் செயலாளர். கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும், தும்மினாலும்கூட, அழகான குண்டெழுத்தில் குறிப்பேட்டில் ஏற்றிவிடுவார்.

"நீ சொல்லு புள்ள. நான் எழுதுறேன். அதுக்கு மேல என்னைய ஒண்ணும் கேக்காத," என்றார்.

ஐப்பசிக் கடைசி. இரவு பெய்த மழையில் வரம்புகள் வழுக்கின. தனுஷா சைக்கிளை மிதிக்க, பெரியம்மா பின் கரியரில் குடையோடும் கொப்பியோடும் அமர்ந்திருந்தார். அவர்கள் எந்த வாய்க்காலுக்குப் போனாலும் ஜனார்த்தனன் மோட்டார் சைக்கிளில் முன்னரே அங்கு போயிருந்தான். அவனுக்கு இலைதழை அச்சடித்த உடுப்பு, அதே அச்சில் தொப்பி, கையளவு நீளமான கமரா லென்ஸ். பின்னால் அவனுடைய சோடி ரஜிதன் எழுதுகிற அட்டையோடு. மோட்டார் சைக்கிள் சத்தத்தில் எழும்பிப் பறந்தவற்றை அவன் எண்ணிக்கொண்டு போக, இவர்களுக்கு வெறும் வாய்க்கால்தான் மிஞ்சியது.

ஒன்பது மணிக்குத் தனுஷாவின் பட்டியலில் பதினான்கு.

"நம்ம மாதர் சங்கத்துக்கே இதவிடக் கூட ஆளு வரும்," என்றார் பெரியம்மா.

அப்போதுதான் பிந்தி விதைக்கிற வயல் ஒன்றில் சுதாகரனின் உழவு இயந்திரம் சேற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. சுதாகரன் பெரியம்மாவின் மகன். கூலிக்கு உழுகிறவன். அவனுக்குப் பின்னால் வெள்ளையும் கறுப்புமாக ஒரு கூட்டமே வந்துகொண்டிருந்தது. கலப்பை புரட்டுகிற புழுவுக்கும் தவளைக்கும் நண்டுக்கும் வந்தவை. உண்ணிக்கொக்கு, குருட்டுக்கொக்கு, அரிவாள்மூக்கன், மைனா, கரிக்குருவி, மேலே இரண்டு பருந்து. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, நிவாரண வரிசையில் நிற்பவர்கள் மாதிரி.

தனுஷா சைக்கிளை வரம்பில் சாய்த்தாள்.

"அண்ணன், எங்களையும் ஏத்துவீங்களா?"

"ஏறு தங்கச்சி. ஆனா அம்மாவ வலப்பக்கம் ஏத்து. இடப்பக்க மட்காட் ஏற்கெனவே ஆட்டம்."

பெரிய சக்கரங்களுக்கு மேலிருந்த மட்காட்டுகளில் ஆளுக்கொரு பக்கமாக ஏறினார்கள். பெரியம்மா குடையை விரித்தார். இயந்திரம் உறுமியது. தனுஷா வழக்கம்போல மெல்லச் சொன்னாள்.

"என்னா?" என்று பெரியம்மா மறுபக்கமிருந்து கத்தினார். "ஒண்ணுமே கேக்கல."

தனுஷா கொஞ்சம் உரத்துச் சொன்னாள். பிறகு இன்னும் கொஞ்சம். நான்காவது முறை அடிவயிற்றிலிருந்து, "அரிவாள்மூக்கன்" என்று கத்தினாள். அவளுக்கே வியப்பாக இருந்தது. கிணற்றடியில் ஒரு வருடம் வராத குரல் இங்கே வந்துவிட்டது. இயந்திரத்தின் இரைச்சலுக்குள் தன் சத்தம் தனக்கே கேட்காததால், வேறு ஒருத்தி கத்துவது போல இருந்தது. அதன் பிறகு நிறுத்தவில்லை. மஞ்சள் வாலாட்டி. தகைவிலான். நத்தைகுத்தி நாரை. ஆட்காட்டி. பனங்காடை. பெரியம்மாவின் பேனை ஓடியது. பத்தே முக்காலுக்குப் பட்டியல் நாற்பதைத் தாண்டியது. பறவைகளைத் தேடி யாரும் அலையவில்லை. அவையே வரிசையில் வந்து பெயர் கொடுத்தன.

"தங்கச்சி," என்றான் சுதாகரன், வரம்பில் இயந்திரத்தைத் திருப்ப வேகத்தைக் குறைத்தபடி. "அந்த வடலிக்குக் கீழ பாத்தியா? சொல்வதெழுதுதல் நடக்குது."

தனுஷா பார்த்தாள். இரண்டு வயல் தள்ளி, பனை வடலிகளுக்குள் இலைதழை உடுப்போடு ஜனார்த்தனன் குப்புறப் படுத்திருந்தான். லென்ஸ் பறவைகளின் பக்கம் இல்லை. அவள் பக்கம் இருந்தது. பக்கத்தில் ரஜிதன் குந்தியிருந்தான். சோதித்துப் பார்க்க, "கானாங்கோழி" என்று கத்தினாள். அது நிஜமாகவே நின்றது. ரஜிதனின் தலை ஆகாயத்தையும் பார்க்கவில்லை, சேற்றையும் பார்க்கவில்லை. நேரே அட்டைக்குக் குனிந்தது.

அவளுக்கு முதலில் காது சூடானது. பிறகு வேறு ஒன்று வந்தது. இருபத்து நான்கு வயது வரை யாரிடமும் காட்டாத ஒரு குறும்பு, சேற்றுக்குள்ளிருந்து தவளை எழும்புவது போல எழும்பியது. வெறும் வாழைமரம் ஒன்றைக் கையால் காட்டி, நெஞ்சு முட்டக் காற்றை இழுத்து, கத்தினாள்.

"மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி."

அது நுவரெலியாப் பக்கம், பனிக்குள் வாழ்கிற குருவி. மலையை விட்டு இறங்குவதே இல்லை. ரஜிதனின் தலை குனிந்தது. நீளமான பெயர் என்பதால் கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தது.

தனுஷா மட்காட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "என்னாடி?" என்று சுதாகரன் கேட்டான். அவனும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தான்.

பன்னிரண்டரைக்கு, விவசாயிகள் கூடுகிற கமக்கார மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். வட்டத்தின் தலைவர் ஐயாத்துரை சேர், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்தார். மூன்று பட்டியல்கள் அவர் முன்னால். ஜனார்த்தனனுக்கு ஐம்பத்திரண்டு. தனுஷாவுக்கு ஐம்பத்தொன்று. முள்ளியவளையிலிருந்து மகளோடு வந்திருந்த அப்புத்துரைக்கு முப்பத்தொன்று. அவர் சாப்பாட்டுப் பார்சல் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயாத்துரை சேர் ஜனார்த்தனனின் பட்டியலை வாசித்துக்கொண்டு போய் நாற்பத்தேழில் நின்றார்.

"மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி," என்று மறுபடி வாசித்தார். "தம்பி, நான் மலைநாட்டில ஆறு வருசம் படிப்பிச்சனான். இது அங்கத்தைக் குருவி. இஞ்ச வராதே."

தனுஷா பின் வரிசை வாங்கிலில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இவ்வளவு இனிப்பான ஒரு நிமிடம் அவள் வாழ்க்கையில் வந்ததில்லை.

"வந்தது சேர்," என்றான் ஜனார்த்தனன், கண் இமைக்காமல். "வாழையில இருந்தது. காது நல்ல மஞ்சள். நான் கண்ணால கண்டனான்."

"இவையளும் அதே வெளியிலதானே நிண்டவை," என்று சேர் அடுத்த பட்டியலை எடுத்தார். விரலை ஓடவிட்டார். விரல் நின்றது. "இஞ்சயும் இருக்கு. நாற்பத்து நாலு."

தனுஷா பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ சொன்ன," என்றார் பெரியம்மா. "நான் எழுதுனேன்."

"அது பொய் பெரியம்மா."

"அத நீ சொல்லல."

ஐயாத்துரை சேர் எழுந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"ரெண்டு சோடி. ரெண்டு பட்டியல். ஒரே குருவி, ஒரே வெளி. ஒருத்தர் எண்டால் பிழை விட்டிருக்கலாம். ரெண்டு பேர் எப்பிடிப் பிழை விடுறது? பிள்ளையள், சமவெளியில இந்தக் குருவியை இதுக்கு முதல் ஒருத்தரும் பதியேல்லை. நான் இண்டைக்கே கொழும்புக்கு எழுதுறன். கண்டுபிடிச்ச ரெண்டு பேருக்கும் மன்னாரில இடம் தரச் சொல்லி எழுதுறன். தருவினம். தராமல் என்ன?"

எல்லோரும் கைதட்டினார்கள். அப்புத்துரையும் தட்டினார். ஜனார்த்தனன் திரும்பித் தனுஷாவைப் பார்த்துச் சிரித்தான். பங்காளியைப் பார்க்கிற சிரிப்பு.

அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் அவளை வெல்ல மாவட்டத்தில் ஆள் இல்லை. மன்னாரில் கடற்பறவை ஆலா ஒன்று அவள் உள்ளங்கையில் இதயம் படபடக்க இருக்கும். ஐயாத்துரை சேரின் கடிதம் கொழும்புக்குப் போகும். பிறகு அந்தக் குருவி ஒரு புத்தகத்தில் ஏறும். வன்னி என்று அதற்கு நேரே போடுவார்கள். நாளை யாரோ ஒரு பிள்ளை அதை வாசித்துவிட்டு, இல்லாத குருவியைத் தேடி வரம்பு வரம்பாக நடக்கும்.

இங்கே இயந்திரம் இல்லை. மண்டபம் கைதட்டி முடித்து அமைதியாகிக்கொண்டிருந்தது. இருபது பேருக்கு மேல். தனுஷா எழுந்தாள். முழங்கால் வாங்கிலில் இடித்தது.

"அப்பிடியொரு குருவி இல்லை, சேர்."

மெல்லத்தான் சொன்னாள். ஆனால் முன் வரிசை வரை கேட்டது.

"என்ன பிள்ளை?"

"நான் பொய்யாக் கத்தினனான். வாழையில ஒண்டும் இருக்கேல்லை. இவை ரெண்டு பேரும் நான் சொல்லுறதைக் கேட்டு எழுதினவை. அதைப் பிடிக்கத்தான் கத்தினனான். பெரியம்மாவும் எழுதுவா எண்டு யோசிக்கேல்லை."

"பெரியம்மா வேற என்னா செய்யிறது," என்றார் வீரம்மா.

ஜனார்த்தனன் விடவில்லை. "தங்கச்சிக்குக் கூச்சம், சேர். பேர் வரப்போகுது எண்டதும் பயந்திட்டா. நான் கண்டது கண்டதுதான். படமும் எடுத்தனான்."

"படம் இருக்கோ?" ஐயாத்துரை சேரின் முகம் மறுபடி மலர்ந்தது. கையை நீட்டினார். ஜனார்த்தனன் கமராவைக் கொடுக்காமல் பின்வாங்கினான். சேர் எட்டி வாங்கிக்கொண்டார். பொத்தானை அழுத்தினார். ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது.

"இது தனுஷாவின்ர வாய்," என்றார். "இதுவும் வாய். இதிலே கை நீட்டுறா. இதிலே திரும்ப வாய்." கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "தம்பி, காலமை முழுக்க நீர் கண்டது ஒரேயொரு இனம்தான்."

மண்டபம் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ரஜிதன் சிரிக்கவில்லை, அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சேர் இரண்டு பட்டியலின் குறுக்கேயும் ஒவ்வொரு கோடு போட்டார். தனுஷாவின் பட்டியலில் போடும்போது பேனை கொஞ்சம் தயங்கியது. "விதி விதிதான் பிள்ளை," என்றார்.

"ஓம் சேர்," என்றாள்.

முப்பத்தொரு பறவையோடு அப்புத்துரை வென்றார். அவருக்கு அது நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. மன்னாரில் பத்து நாளும் சோறு தருவார்களா, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டார். தனுஷா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சேறு காய்ந்து வெடித்திருந்தது. அதைச் சட்டையில் துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சைக்கிளை எடுக்கும்போது ஜனார்த்தனன் ஓடி வந்தான். தொப்பியைக் கழற்றியிருந்தான்.

"தனுஷா, ஒரு நிமிசம். கோவம் வேண்டாம். ஒண்டு கேக்கவேணும்." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அந்த ஒண்டு மட்டும்தானே பொய்?"

அவள் சைக்கிளைத் திருப்பினாள்.

"இல்லை, பனங்காடை, கானாங்கோழி, அதுகள் உண்மைதானே? நான் பதினொரு மணிக்கே பட்டியலை முகப்புத்தகத்தில போட்டிட்டன். முன்னூறு பேர் பாத்திட்டினம். ஒருத்தர் கானாங்கோழியைப் பற்றிக் கேள்வி கேக்கிறார். நான் என்னெண்டு சொல்ல?"

எல்லாம் உண்மைதான். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் வரிசையில் நின்று பெயர் கொடுத்தவை. பதில் அவளுடைய நாக்கு நுனியில் இருந்தது. இப்போது குரலும் இருந்தது.

தனுஷா உதட்டை மூடிக்கொண்டாள். பெரியம்மா கரியரில் ஏறிக் குடையை மடியில் வைக்கும் வரை பொறுத்தாள். பிறகு மிதித்தாள்.

"அந்தப் புள்ள என்னமோ கேட்டிச்சே," என்றார் பெரியம்மா.

"கேட்டாரு," என்றாள் தனுஷா.

வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது பின்னால் ஜனார்த்தனனின் குரல் கேட்டது. ரஜிதனிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ ஒண்டையாவது கண்டனியோ?"