வெள்ளை வடிந்த கப்பல்

பஸ் மோதி ஒரு பெண் இறந்த விபத்துக்குப் பிறகு டிப்போவில் டிரைவருக்குக் கட்டாய விடுப்பு கொடுத்து அனுப்பினார்கள். விசாரணையில் அவர் மேல் தப்பில்லை என்று முடிவாகிவிட்டது. நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் சட்டென்று சாலையில் இறங்கியதை பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். மேலாளர் தோளில் தட்டி, "வீட்ல இருங்க. மனசு தேறினதும் வாங்க" என்றார். டிரைவர் தலையாட்டினார். தேறுவதற்கு மனசு எங்கே என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் இருக்கிறது, ஆனால் தன்னுடையதாக இல்லை.

பின்னறையில் ஜன்னலோரம் அவருக்கு ஒரு மேசை உண்டு. அங்கே உட்கார்ந்து அவர் விண்வெளிக் கப்பல்கள் செய்வார். யாரும் இன்னும் ஏவாத, ஏவப்போவதும் இல்லாத கப்பல்கள். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, அலமாரியில் நிறுத்துவார். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி விற்கும் அவர் மனைவி, "பகல்ல பஸ்ஸு, சாயங்காலம் ராக்கெட்டு. என்னை எங்கேயாவது கூட்டிட்டுப் போன்னா மட்டும் டீசல் இல்ல" என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். பெயின்டில் ஒரு முடி ஒட்டினால் போதும், அவர் வீட்டையே தலைகீழாக்கிவிடுவார். அந்த முடி யாருடையது என்று ஒரு விசாரணையே நடக்கும்.

விடுப்பில் அவர் கையில் இருந்தது தாது ஏற்றிப்போகும் சரக்குக் கப்பல். முழங்கை நீளம். ஒட்டும் வேலையெல்லாம் முடிந்து, வெள்ளை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அன்று காலையிலிருந்தே மழை. ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடிக்கக்கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் டப்பாவைக் குலுக்கி அடிக்க ஆரம்பித்தார். ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டியதை கிட்டத்தில் பிடித்தார். கப்பலின் வயிற்றில் பெயின்ட் திரண்டு வடிந்தது. அவர் பார்த்துக்கொண்டே இன்னும் அடித்தார். தகடுகளுக்கு நடுவே இருந்த மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. டப்பா சீறி ஓய்ந்ததும் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்.

வேலை முடிந்து வந்த மனைவி வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க இது, இப்படி அப்பிக் கிடக்கு?"

"வடிஞ்சிடுச்சு."

"அவ்வளவுதானா?"

"ம்."

அவர் கத்தியிருந்தால் அவள் நிம்மதியாகச் சமையலறைக்குப் போயிருப்பாள். அவர் கத்தவில்லை. அவள் கைப்பையைக்கூட இறக்காமல் போனை எடுத்து தூசிக்கு அடித்தாள்.

தூசி என்பது டிரைவரின் நண்பர். தபால் அலுவலகத்தில் வேலை. அவரும் கப்பல் கட்டுகிறவர்தான். அடுத்தவன் கட்டிய கப்பலை மூக்கருகே பிடித்து, "தூசி ஒட்டியிருக்கே" என்று சொல்லாமல் கீழே வைத்ததில்லை. அதனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மறுநாள் வந்து கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் முறையாகத் தூசியைப் பற்றிப் பேசவில்லை.

"டிரைவரே, ஈரத்தில தொடச்சீங்களா?"

"இல்ல."

"பொழச்சீங்க. ஈரத்தில கை வச்சிருந்தா எல்லாம் இழுத்துக்கிட்டு வந்திருக்கும். வழக்கமா ஒரு சொட்டு வடிஞ்சா, காயவிட்டு, தண்ணி தொட்டு, பொடி உப்புத்தாள்ல தேச்சா போதும். இல்லேன்னா மேல கொஞ்சம் கரியைப் பூசி, எரிகல் பட்ட தழும்புன்னு சொல்லிட்டுப் போயிடலாம். எங்கிட்ட இருக்கிற கப்பல்ல பாதி அப்படி அடிபட்டதுதான்." அவர் சிரித்துப் பார்த்தார். டிரைவர் சிரிக்கவில்லை. "இது அப்படி மூடற அளவு இல்லப்பா. மொத்தமா உரிச்சுடணும்."

"குப்பையில போட்டுடலாம்."

"போடலாம். போட்டுட்டு நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

டிரைவர் உரிக்க ஒத்துக்கொண்டார்.

பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கப்பலை அதில் முக்கி, மூடி போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். தூசி போன பிறகு டிரைவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் மூடியைத் திறந்தபோது பெயின்ட் வெயிலில் உரிந்த தோல் போலச் சுருண்டிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது. மனைவி கடையில் இருந்தாள். கையுறையோடு போய்க் கதவைத் திறந்தார்.

வெளுத்த சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. முகத்தில் நிறைய இருந்தது.

"டிரைவர் சார்தானே? நான் லாண்டரி வச்சிருக்கேன். அந்த லாரி என் கடை முன்னாடிதான் நின்னுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "அவ என் சம்சாரம்."

டிரைவருக்குக் கதவின் கைப்பிடியை விடத் தோன்றவில்லை.

"சண்டை போட வரல சார். ஒண்ணு கேட்கணும், அவ்வளவுதான்."

உள்ளே வரச் சொன்னார். எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் பின்னறைக்கே கூட்டிப்போனார். லாண்டரிக்காரர் டப்பாவுக்குள் பார்த்தார்.

"குழந்தைங்களுக்கா?"

"இல்ல. எனக்குத்தான்."

அவர் தலையாட்டினார், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது போல. பிறகு சொன்னார். "எனக்குச் சாப்பாடு கொடுத்துட்டுக் கிளம்பினா. படி இறங்கித் திரும்பி ஏதோ சொன்னா. நான் இஸ்திரிப் பெட்டியில ஆவி விட்டுட்டு இருந்தேன். அந்தச் சத்தத்தில காதுல விழல. சரி சரின்னுட்டேன். அதுக்கப்புறம் பிரேக் சத்தம்தான் கேட்டுச்சு." கையைப் பார்த்துக்கொண்டார். "அவ முகத்தைக் கடைசியாப் பார்த்தது நீங்கதான். என்ன சொன்னான்னு உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

டிரைவர் அந்தக் கணத்தை யோசித்தார். விசாரணையில் பலமுறை சொன்னதுதான். அப்போதெல்லாம் வேகம், தூரம், பிரேக் என்றுதான் கேட்டார்கள். முகத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

"உங்க பக்கம் திரும்பித்தான் இருந்தாங்க. வாய் அசைஞ்சது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் கேட்கல."

"சிரிச்சாளா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் இந்த மனிதர் அதை வாழ்நாளெல்லாம் வைத்துக்கொள்வார்.

"தெரியல சார். சிரிச்ச மாதிரியும் இருக்கு. ஆனா நான் பார்த்தேன்னு சொல்ல முடியாது. இல்லாததைச் சொல்லக்கூடாது."

லாண்டரிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மழை விட்டிருந்தது. டிரைவர் மறுபடி பிரஷ்ஷை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் லாண்டரிக்காரர் கை நீட்டி, டப்பாவின் ஓரத்தில் கழன்று கிடந்த இயந்திரக் குழாயை எடுத்தார். மேசையில் இருந்த இன்னொரு பிரஷ்ஷால், சட்டைக் காலரைத் தேய்ப்பது போலச் சின்னச் சின்னதாகத் தேய்த்தார்.

"கையுறை போட்டுக்கங்க, எரியும்."

"எரியட்டும். பரவால்ல."

"எனக்கு அழுகையே வரல சார்," என்றார் டிரைவர். அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. "உங்க சம்சாரம். என் பஸ். ஆனா எனக்கு ஒண்ணுமே ஆகல. என்ன மனுஷன் நான்னு தெரியல."

"எனக்கும் வரல," என்றார் அவர். "வந்தவங்கல்லாம் அழுதாங்க. நான் எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுட்டு இருந்தேன்."

குழாயும் கப்பலும் மங்கிய பிளாஸ்டிக் நிறத்துக்குத் திரும்பும்வரை இருவரும் தேய்த்தார்கள். லாண்டரிக்காரர் எழுந்து, கை கழுவ இடம் கேட்டார். வாசலில், "வரேன்" என்று சொல்லவந்து பாதியில் நிறுத்தி, தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். சாலையைக் கடக்கும் முன் அவர் இரண்டு பக்கமும் பார்ப்பதை டிரைவர் கதவருகே நின்று பார்த்தார்.

மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நடுவில் பேசாமல் கேட்டாள். கடைசியில், "பொய் சொல்லியிருக்கலாமேங்க" என்றாள். பிறகு, "இல்ல. நீங்க சொன்னதுதான் சரி" என்றாள். எது சரி என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

கப்பலை சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, வெயில் வந்த நாளாகப் பார்த்து மறுபடி வெள்ளை அடித்தார். இந்த முறை ஒரு சாண் தள்ளி, பனி படிவது போல மெல்லிசாக. காய்ந்ததும் இன்னொரு பூச்சு. கோடுகள் எல்லாம் தெரிந்தன. பின்பக்கத்து மூலையில் மட்டும் பிரஷ் எட்டாத இடத்தில் பழைய பெயின்ட் தடிப்பாக நின்றது. தூசி வந்து மூக்கருகே பிடித்துப் பார்த்தார். "இதுக்குக் கொஞ்சம் கரி?" என்றார். "வேண்டாம், இருக்கட்டும்" என்றார் டிரைவர். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரு வேலை முடிந்தது. அலமாரியில் வைத்தார்.

அடுத்த வாரம் டிப்போவுக்குப் போனார். வேறு வழித்தடம் கேட்டார், கொடுத்தார்கள். முதல் நாள் நின்றிருக்கும் ஒவ்வொரு லாரியையும் ஊர்ந்துதான் கடந்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். நாட்கள் அப்படியே போயின.

ஒரு சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவர் இரண்டாவது வாயில் நிறுத்தினார்.

"குழம்புல உப்பு ஜாஸ்தியா இருக்கே?"

மனைவி அவரையே பார்த்தாள்.

"ஒரு வாரமா ஜாஸ்தியாத்தான் போடறேன், நீங்க எப்பக் கேட்பீங்கன்னு," என்றாள். "என்னால வாயில வைக்க முடியல."

அவர் தட்டைப் பார்த்தார், பிறகு அவளை. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உள்ளே குழாய் திறந்து தண்ணீர் கொட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவர் எழுந்து அவள் இருக்கும் பக்கம் நடந்தார்.